ஈரல் தகடு வாங்கியவர்கள்

நான் வேலை பார்த்த கடையில் மனித உடம்பு துண்டுதுண்டாகத் தொங்கும். கண் ஒரு ஜோடி, காது, கை, கால், வயிறு, இருதயம், சிறுநீரகம், கர்ப்பப்பை, ஈரல். எல்லாம் வெள்ளி முலாம் பூசிய மெல்லிய தகடு. குழந்தை கேட்கிறவர்களுக்குத் தொட்டில் உண்டு, வீடு கேட்கிறவர்களுக்கு வீடு உண்டு, விசா கேட்கிறவர்களுக்கு விமானமும் உண்டு. வேளாங்கண்ணிக்கு வருகிறவர்கள் தங்களுக்கு எங்கே நோகிறதோ அந்தத் தகட்டை வாங்கிக்கொண்டுபோய்க் காணிக்கையாகப் போடுவார்கள். இதில் சாதி, மதம் எதுவும் கிடையாது. நோவு இருக்கிறவர்கள் வாங்குவார்கள். அந்த நோவுகளை நான் பட்டியல் போட்டு, விளம்பரக்காரர்கள் கையில் கொடுத்தேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதும்போதே பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அப்பாவும் அம்மாவும் திருவிடைமருதூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, களை எடுத்து, கதிர் அறுத்தவர்கள். அறுப்புக்கு மிஷின் வந்ததும் நான் அந்த மிஷினோடே மூன்று போகம் ஊர் ஊராகச் சுற்றினேன். திருப்பூரில் பனியன் மடித்தேன். கும்பகோணத்தில் ஒரு பிரௌசிங் சென்டரில் கூட்டித் துடைக்கப் போய், தமிழ் டைப்பிங்கும் எக்ஸலும் பழகிக்கொண்டேன். ஒரு ஊரில் வருடம் திரும்பினால் எனக்குக் கால் அரிக்கும். அப்படித்தான் வேளாங்கண்ணிக்கு வந்தேன். கையில் ஒரு பை, இரண்டு சட்டை, முதல் நாள் மதியத்துக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாத வயிறு. பேருந்து நிலையத்திலிருந்து நடந்து மூன்றாவது கடையில் வேலை கேட்டேன். கொடுத்தார்கள்.

முதலாளி கெட்டவர் இல்லை. இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குக் கோபப்படுவது எளிதாக இருந்திருக்கும். தகடு வாங்குகிறவர்களுக்கு அவர் ஒரு குலுக்கல் சீட்டு வைத்திருந்தார். பெயர், ஊர், செல் நம்பர், வாங்கிய பொருள் நான்கையும் எழுதிப் பெட்டியில் போட்டால் திருவிழா முடிந்ததும் குலுக்கி மிக்ஸி, கிரைண்டர் கொடுப்பார். உண்மையிலேயே கொடுத்தார். நிறையப் பேருக்கு எழுத வராது, அல்லது மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருப்பார்கள். அவர்களுக்கு நான் எழுதிக் கொடுப்பேன். “நம்பர் சொல்லுங்கம்மா” என்று கேட்டால் சொல்வார்கள். ஒருவர்கூட எதற்கு என்று கேட்டதில்லை. மிக்ஸி விழுந்தால் கூப்பிட வேண்டுமே.

அந்த ஊரிலிருந்து கொஞ்சம் தெற்கே ஒரு மீனவர் தெருவில் எனக்கு வாடகை அறை. பக்கத்து வீட்டு அக்கா காலையில் அலுமினிய அன்னக்கூடையில் மீன் எடுத்துக்கொண்டு எங்கள் கடைத்தெரு முனைக்கு வந்து விற்பார். பதினொரு மணிக்குள் விற்றுத் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சமைப்பார். மதியச் சாப்பாடு எனக்கு அவர் வீட்டில்தான், மாதத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு. மத்தி கிடைத்தால் மத்திக் குழம்பு, ஒன்றும் கிடைக்காவிட்டால் கருவாடு. அவர் கை ருசிக்காகவே நான் அந்த ஊரில் ஒரு வருடத்தைத் தாண்டினேன்.

அவர் வீட்டுக்காரர் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். நல்ல உழைப்பாளி, நல்ல பாட்டுக்காரர், பெரிய குடிகாரர். குடித்தால் அடிக்க மாட்டார், அழுவார். தெரு நடுவில் உட்கார்ந்து, செத்துப்போன அவருடைய அண்ணனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுவார். அக்கா போய்க் கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருவார். ஒருநாள் மஞ்சள் காமாலை வந்து நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் கிடந்தார். டாக்டர், இன்னும் ஒரு முறை குடித்தால் இங்கே கொண்டுவர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

அது வைகாசி மாதம். ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டில் கொண்டுவந்து விட்ட மறுநாள், அக்கா மீன் கூடையைக் கடை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தார். கைகளைச் சேலையில் மூன்று முறை துடைத்துக்கொண்டார். தகடுகளை நிமிர்ந்து பார்த்து, “தம்பி, ஈரல் எது?” என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். வெறும் கையால் வாங்காமல் முந்தானையில் வாங்கினார்.

“நல்லா காகிதத்துல சுத்திக் குடு. யாரும் பாக்கக் கூடாது. உங்க அண்ணனுக்கும் தெரியக் கூடாது.”

“அவருக்குத்தானேக்கா வாங்குறீங்க?”

“அதான். ஒரு வருஷம் அவரு அதைத் தொடாம இருந்தா, அடுத்த வைகாசியில வீட்லேர்ந்து நடந்தே வந்து இன்னொரு ஈரல் போடுறேன்னு வேண்டியிருக்கேன். அதுவரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா போச்சு. மாரியம்மனுக்கு வேண்டுனாலும் அதான், மாதாவுக்கு வேண்டுனாலும் அதான். உன்கிட்டகூட சொல்லியிருக்கக் கூடாது. நீ கடைக்காரன், வேற வழியில்ல. கடைக்காரன் கணக்குல வராது.”

நான் சிரித்துக்கொண்டே குலுக்கல் சீட்டையும் எழுதினேன். நம்பர் சொன்னார். வாங்கிய பொருள் என்ற இடத்தில் ஈரல் என்று எழுதிப் பெட்டியில் போட்டேன். கையெழுத்து என்னுடையது. அதை நான் எந்தக் காலத்திலும் மறுக்க முடியாது.

அண்ணன் குடிக்கவில்லை. ஆனி போயிற்று, ஆடி போயிற்று. கடலுக்குப் போய் வந்ததும் குளித்துவிட்டுத் திண்டாடுவார், கைக்கு என்ன வேலை கொடுப்பது என்று தெரியாமல். கிழியாத வலையைக்கூடப் பிரித்துப் பார்ப்பார். பிறகு அக்காவின் போனை வாங்கி வைத்துக்கொண்டு வீடியோ பார்க்கப் பழகினார். அவருடையது பட்டன் போன். கடலில் உப்புத்தண்ணீர் பட்டால் வீணாகிவிடும் என்று பெரிய போன் வாங்கவில்லை. மதியம் எனக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிடுவார். கன்னத்தில் சதை போட்டது. அக்கா அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார், கண் பட்டுவிடுமோ என்று.

ஆவணியில் தஞ்சாவூரிலிருந்து ஒரு ஆள் கடைக்கு வந்தான். டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்றான். என்னைவிட வயது குறைவு, இறுக்கமான சட்டை, எல்லோரையும் ப்ரோ என்பான், முதலாளியை மட்டும் சார். குலுக்கல் சீட்டுப் பெட்டிகளைப் பார்த்தவன் நின்றுவிட்டான். பழைய வருடத்தையும் சேர்த்து நான்கு அட்டைப்பெட்டிகள் இருந்தன.

“சார், இது என்னன்னு தெரியுமா உங்களுக்கு? யாருக்கு என்ன பிரச்சினைன்னு அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க. இப்படி ஒரு லிஸ்ட் பெரிய பெரிய ஆஸ்பத்திரிகிட்டகூட இல்ல சார்.”

“அதை வச்சு என்ன பண்றது?”

“நம்பரை விளம்பரத் தளத்துல ஏத்திடணும். அது அவங்க அக்கவுண்ட்டக் கண்டுபிடிச்சுரும். அப்புறம் தொட்டில் வாங்குனவங்களுக்கு மட்டும் குழந்தைப்பேறு விளம்பரம், கால் வாங்குனவங்களுக்கு மட்டும் மூட்டுவலி எண்ணெய். அந்தந்த கம்பெனிக்காரன் உங்களுக்குக் குடுப்பான். நீங்க லிஸ்ட்டைக் கையில குடுக்கவே வேண்டாம், தளத்துக்குள்ளயே பகிர்ந்துவிடுற பட்டன் இருக்கு.”

முதலாளி தாடையைத் தடவினார். “ஜனங்க சாமிக்கு வேண்டிட்டு வாங்குறது. தப்பா ஆயிடாதே?”

“என்ன சார், நம்பர் நம்பராவா போகுது? இட்லி மாவு மாதிரி அரைச்சுத்தான் அனுப்புவாங்க. மாவைப் பாத்து எது எந்த அரிசின்னு யாராவது சொல்ல முடியுமா?”

இதற்கு முதலாளி சிரித்தார், நானும் சிரித்தேன். பத்து நாள் உட்கார்ந்து டைப் செய்தேன். ஒரு பத்தியில் பெயர், ஒன்றில் நம்பர், ஒன்றில் உறுப்பு. பிறகு உறுப்பு வாரியாகப் பிரித்துத் தனித்தனிக் கோப்பாக்கினேன். அக்காவின் சீட்டும் என் கையில் வந்தது. வந்தது எனக்குத் தெரியும். மறந்துபோயிற்று, கவனிக்கவில்லை என்றெல்லாம் இதுவரை இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டும் பொய். பார்த்தேன், “அட, நம்ம அக்கா” என்று நினைத்தேன், டைப் செய்தேன். வேலை வேகத்தில் கை ஓடிக்கொண்டிருந்தது. இருபது வருடமாக என்னை யாரும் யோசிக்கச் சொல்லி வேலை வாங்கியதில்லை. வேகமாகச் செய்யச் சொல்லித்தான் வாங்கியிருக்கிறார்கள்.

கோப்பை ஏற்றுகிற பக்கத்தில் கடைசியாக ஒரு சின்னக் கட்டம் இருந்தது. பக்கத்தில் இங்கிலீஷில் நாலு வரி. “இது என்ன ப்ரோ?” என்று நானும் அவனை ப்ரோ என்றேன்.

“அது எல்லாத்துலயும் வர்றதுதான். டிக் பண்ணுங்க.”

டிக் செய்தேன். ஈரல் பட்டியலை ஒரு மூலிகைப் பொடிக் கம்பெனிக்குப் பகிர்ந்துவிட்டான்.

ஐப்பசி மழை பிடித்த ஒரு வாரம் கடலுக்கு யாரும் போகவில்லை. ஒருநாள் மதியம் நான் போய் உட்கார்ந்தபோது அண்ணன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அக்கா சங்கரா மீன் குழம்பு ஊற்றினார். நான் பிசைந்து தின்ன ஆரம்பித்துவிட்டேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். குனிந்து மோந்து பார்த்தார். விரலால் குழம்பைத் தொட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“என்னண்ணே, ஈ விழுந்துருச்சா?”

“உனக்கு எப்படி இருக்கு?”

“நல்லாத்தானே இருக்கு. அதே குழம்புதான் எனக்கும்.”

“சட்டி ஒண்ணுதான். உன் தட்டு வேற, என் தட்டு வேற” என்றார். எழுந்து கை கழுவிக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். டீக்கடையில் பன் தின்றதாக அன்று மாலை தெருவே சொன்னது.

மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாள் தட்டு முன்னால் உட்காரவே இல்லை. தம்பி வீட்டில் சாப்பிட்டார், டீக்கடையில் சாப்பிட்டார், ஒருநாள் வாழைப்பழம் மட்டும் தின்றார். அக்கா கேட்டதற்கு ஒரே பதில்: “உனக்கே தெரியும்.” இருபத்திரண்டு வருடம் ஒருத்தி கையால் தின்றவன், காரணம் சொல்லாமல் ஒருநாள் நிறுத்தினால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. அக்கா தினமும் அவர் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். மீன் விற்கிற இடத்தில் யார் விலை குறைத்துக் கேட்டாலும் சண்டை போட்டார்.

பத்து நாள் கழித்து விஷயம் வெளியே வந்தது. நான் பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா கதவைச் சாத்திவிட்டுப் போனை என் முன்னால் நீட்டினார்.

“இதைப் பாரு. எனக்குப் படிக்க நேரம் எடுக்குது. நீ படி.”

ஒரு பெண் அடுப்பில் குழம்பைக் கிண்டுகிறாள். வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொட்டுகிறாள். அடியில் எழுத்து ஓடுகிறது: கணவரின் குடியை நிறுத்தும் மூலிகைப் பொடி. நிறம் கிடையாது, மணம் கிடையாது. அவருக்குத் தெரியாமலே உணவில் கலந்து கொடுக்கலாம்.

“இதுதான் வருது. பாட்டுக் கேக்கப் போனாலும் வருது, காமெடி பாக்கப் போனாலும் வருது. அவரு பாத்துட்டாரு. நான் வாங்கிக் கலக்குறேன்னு நினைக்கிறாரு. நேத்து கேட்டுட்டாரு. ‘ஆறு மாசமா நான் குடிக்காம இருக்கறது என் வைராக்கியம்னு நினைச்சேன், நீ மருந்து வச்சிருக்கே’ங்கிறாரு. அந்த மனுஷன் மூஞ்சியப் பாக்க முடியல தம்பி. ‘அப்ப நான் ஒண்ணும் பண்ணலையா’ன்னு கேக்குறாரு.”

நான் போனைக் கீழே வைத்தேன்.

“தெருவுல வேற யாருக்கும் வரல. கேட்டுப் பாத்துட்டேன். குடிகாரன் இல்லாத வீடு எது இந்தத் தெருவுல? எனக்கு மட்டும் ஏன் வருது? ஈரல் போட்டது எனக்குத் தெரியும், மாதாவுக்குத் தெரியும், உனக்குத் தெரியும்.” குரலைத் தாழ்த்தினார். “நீ யார்கிட்டயாவது சொன்னியா?”

“இல்லக்கா. எந்த மனுஷன்கிட்டயும் சொல்லல.”

அந்தப் பதில் ஒரு நிமிடம்கூட என் வாயில் தங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு, டைப் செய்தது, தஞ்சாவூர்க்காரன், கம்பெனி. அவருக்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதி போதும்.

“நானும் மாதாவும் பேசுறதுக்கு நடுவுல நீ எதுக்குடா கம்ப்யூட்டரைக் கொண்டாந்து வச்சே?”

அவர் என்னை அதற்கு முன்னால் டா போட்டதில்லை. சொம்பிலிருந்த தண்ணீரை என் தட்டில் கொட்டினார். மீதிச் சோறு மிதந்தது. நான் எழுந்தேன்.

“அண்ணன்கிட்ட நான் போய்ச் சொல்றேன்க்கா. நான்தான் நம்பர் குடுத்தேன்னு சொல்லிடறேன்.”

“எதுக்குக் குடுத்தேன்னு கேப்பாரு. அப்ப என்ன சொல்லுவே? நான் ஈரல் வாங்குனேன்னு சொல்லுவியா? சொன்னா வேண்டுதல் முறிஞ்சிரும். இன்னும் ஆறு மாசம் இருக்கு.”

“சொல்லலைன்னா அவரு சாப்பிட மாட்டாரேக்கா.”

“பட்டினி கிடந்து யாரும் சாகல, டீக்கடை இருக்கு. குடிச்சா செத்துருவாரு. வாய மூடிக்கிட்டு இரு.”

அப்படி ஒரு முடிச்சைப் போட்டுவிட்டிருந்தேன். அக்கா மேல் உள்ள பழியைத் துடைக்கக்கூடிய ஒரே வார்த்தை, அவர் சொல்லக் கூடாத வார்த்தை.

நான் முதலாளியிடம் போனேன். பட்டியலை எடுத்துவிடுங்கள் என்றேன். காரணம் சொல்ல முடியாது, அது அக்காவின் காரணம். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “யாராவது வந்து கம்ப்ளைண்ட் பண்ணாங்களா? இல்லைல்ல. உனக்கு என்ன வந்துச்சு?” என்றார். பொடிக் கம்பெனிக்காரன் தீபாவளிக்கு அனுப்பிய ஸ்வீட் பெட்டி மேஜை மேல் இருந்தது. எனக்கும் ஒரு லட்டு கொடுத்தார். வாங்கிக்கொண்டு வெளியே போய்ச் சாக்கடையில் எறிந்தேன். லட்டைத்தான் எறிய முடிந்தது.

தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினேன். நாகப்பட்டினம் தாண்டியதும் இரண்டு பக்கமும் சம்பா நடவு பச்சையாக நின்றது. அப்போது அந்தப் பச்சைகூட எனக்கு எரிச்சலாக இருந்தது. அவனுடைய ஆபீஸ் ஒரு மாடியில். ஏசி, கண்ணாடிக் கதவு, இரண்டு நாற்காலி.

“ஒரு நம்பர்தானே ப்ரோ? பாஸ்வேர்டு உங்ககிட்டயே இருக்கு, நீங்களே எடுத்துடலாம்” என்றான்.

“போன வாரமே எடுத்துட்டேன். இன்னும் வருது.”

“வரும். அந்த வீட்ல யாரோ அந்த வீடியோவ முழுசா பாத்திருக்காங்க. திரும்பத் திரும்பப் பாத்திருக்காங்க. இப்ப அது லிஸ்ட்டால வரல ப்ரோ, அவங்க ஆர்வத்தால வருது.”

ஆர்வம். சந்தேகம் பிடித்து, தன் பெண்டாட்டி என்ன கலக்குகிறாள் என்று தெரிந்துகொள்ள ஒரு மனிதன் மறுபடி மறுபடி பார்த்ததற்கு அந்தத் தளம் வைத்த பெயர் ஆர்வம். நான் எழுந்து நின்றேன். அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். அடிக்கப் போகிறேன் என்று நினைத்திருப்பான். அடித்திருந்தால் போலீஸ், கேஸ். என்னைப் போன்றவன் ஏசி ரூமில் கை ஓங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். “மாவு சரியான வீட்டுக் கதவைத்தான்டா தட்டுச்சு” என்று மட்டும் சொன்னேன். அவனுக்கு அவன் சொன்னதே ஞாபகமில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் அந்த யோசனை வந்தது. அக்கா சொன்னது காதில் ஓடிக்கொண்டிருந்தது: எனக்கு மட்டும் ஏன் வருது. அப்படியானால் எல்லோருக்கும் வர வேண்டும். எல்லோருக்கும் வந்தால் அக்காவுக்கு வந்தது ஒன்றுமில்லாமல் போய்விடும். அந்தத் தெரு ஆண்களின் வாட்ஸ்அப் குரூப்பில் நானும் இருந்தேன். கடல் கொந்தளிப்பு, டீசல் மானியம், யார் வீட்டில் சாவு என்பதெல்லாம் அதில் வரும். வாடகைக்கு இருக்கிறவன் என்றாலும் நம்ம ஆள் என்று சேர்த்துக்கொண்டார்கள். தெருவின் நம்பர் அத்தனையும் அதில் இருந்தது.

மறுநாள் காலை கடை திறந்ததும் உட்கார்ந்து ஒவ்வொரு நம்பராக ஈரல் பட்டியலில் சேர்த்தேன். என் நம்பரையும் சேர்த்தேன். ஏற்றும்போது மறுபடி அந்தக் கட்டம் வந்தது. இந்த முறை பக்கத்தின் மொழியைத் தமிழுக்கு மாற்றிப் படித்தேன். இந்த எண்களுக்கு உரியவர்களிடம் முறையாக அனுமதி பெற்றிருக்கிறேன் என்று நான் உறுதி கூற வேண்டுமாம். மூன்று தடவை படித்தேன். முதல் முறை தெரியாமல் டிக் செய்தேன். இரண்டாம் முறை தெரிந்தே செய்தேன். பகிர்ந்த பட்டியலில் புதிதாகச் சேர்ப்பது தானாகவே கம்பெனிக்கும் போய்ச் சேரும் என்று அந்தப் பயலே சொல்லிக்கொடுத்திருந்தான்.

நாலாம் நாள் காலை மீன் ஏலக்கூடத்தில் ஒரே கூச்சல். கார்த்திகை பிறந்துவிட்டது, கடலும் கொஞ்சம் அடங்கி, படகுகள் போய் வந்திருந்தன.

“டேய், எனக்கும் வந்திருக்குடா அந்தப் பொடி!”

“உனக்கு வராமயா? நீ குடிக்கிறது மேலேர்ந்து சாட்டிலைட்டுக்கே தெரியுது.”

“எனக்குக் கல்யாணமே ஆகலையே, எனக்கு எவ கலக்கப் போறா?”

“உங்க அம்மா கலப்பா. நாளையிலேர்ந்து கஞ்சியப் பாத்துக் குடி.”

“நான் மாலை போட்டிருக்கேன். சாமிக்கே அனுப்புறானுங்களே, இவனுங்க வெளங்குவானுங்களா?”

நானும் என் போனைத் தூக்கிக் காட்டினேன். “எனக்கும்தான் வருது. சமைச்சுப் போடவே ஆள் இல்ல.” சிரித்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் வலையைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. ஆனால் என் கையிலிருந்து போனை வாங்கி, அந்தப் பெண் குழம்பில் கொட்டுகிறவரை பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்றவன் போனை வாங்கிப் பார்த்தார். “எல்லாருக்குமா?” என்றார். “ஊரையே குடிகாரனாக்கிட்டானுங்கண்ணே” என்றான் அவன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு இரண்டு நாள் நின்றது. எதிர் வரிசையில் ஒருவன் குழம்புச் சட்டியோடு தூக்கித் தெருவில் கொட்டினான். இன்னொருவன் பொடி எங்கே என்று பெண்டாட்டியின் துணிப்பெட்டியைக் கலைத்தான். மூன்றாவது வீட்டில் அடி விழுந்தது. அந்தப் பெண் உதட்டில் தையலோடு குழாயடிக்கு வந்தாள். அவள் எந்தத் தகடும் வாங்கியவள் இல்லை. எங்கள் கடைப்படி ஏறாதவள். ஏலக்கூடத்தில் சிரித்தவர்கள்தான் இத்தனையும் செய்தார்கள். கூட்டமாக நிற்கும்போது வேடிக்கையாக இருந்தது, தனியாகத் தட்டு முன்னால் உட்கார்ந்தபோது யோசிக்க வைத்திருக்கிறது.

அன்றைக்கே கடைக்குப் போய் எல்லாப் பட்டியலையும் அழித்தேன். கண், கால், தொட்டில், ஈரல், எல்லாம். குலுக்கல் சீட்டுப் பெட்டிகளைப் பின்பக்கம் கொண்டுபோய்க் கொளுத்தினேன். முதலாளி வந்து பார்த்து, “கிளம்பு” என்றார். கிளம்பினேன். தளத்துக்குள் போனது எதுவும் அழிந்திருக்காது என்று எனக்குத் தெரியும்.

பையைக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டு வாசலுக்குப் போனேன். உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து காரப்பொடி மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். பூனை ஒன்று எதிரில் காத்திருந்தது.

“அண்ணன் சாப்பிடுறாராக்கா?”

“சாப்பிடுறாரு.”

எனக்கு மூச்சு வந்தது. அவர் நிமிரவில்லை. மீனின் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துப் பூனைக்கு எறிந்தார்.

“முதல் வாய் நீ தின்னு காட்டுங்கிறாரு. அவரு தட்டுலேர்ந்து எடுத்து நான் திங்கணும். தின்னுட்டு முழுங்குறேனான்னு பாக்குறாரு. அப்புறம் அவரு தின்னுவாரு. நேத்தும் அப்படித்தான், இன்னிக்கும் அப்படித்தான். இந்த வரிசையில இப்ப எல்லா வீட்லயும் அப்படித்தானாம். பொம்பளைங்க குழாயடியில பேசிக்கிறாங்க. எல்லாருக்கும் எப்படிடா வந்துச்சு அது?”

நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். விரல்களில் செதிலும் ரத்தமும்.

“வேண்டாம், சொல்லாத. நீ சொல்லி எனக்கு எதுவும் தெரிய வேண்டாம்.”

குடிக்கிறாரா என்று கேட்க வேண்டும் போல இருந்தது. வேண்டுதல் இன்னும் முறியாமல் இருக்கிறதா, வைகாசியில் நடந்து வருவீர்களா என்று கேட்க வேண்டும் போல இருந்தது. “வேண்டுதல்...” என்று ஆரம்பித்தேன்.

“அது எனக்கும் மாதாவுக்கும்” என்றார். “உன்கிட்ட இனிமே ஒண்ணும் சொல்றதா இல்ல. பஸ்ஸு வந்துரும், போ.”